அப்பச்சி எடுத்த படங்கள்: டிடிரெஸ்க்யூ, ஃபோட்டோரெக் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில்

பிள்ளையார் நோன்பு அன்று இழை எடுத்துக்கொள்ளப் பங்காளிகள் எல்லாரும் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பச்சி மகன் என்னிடம், “கோட்டையூர் வீட்டுப் படத்தைப் போடு ஆத்தா, பிள்ளைகள் பார்க்கட்டும்” என்றார். அந்த வீடு இப்போது இல்லை. பதினோரு பங்கு. 2009இல் விற்றோம். வாங்கியவர்கள் பிரித்து, பர்மாத் தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைத் தாண்டும்போது, வெளியே சாத்தி வைத்திருக்கும் நிலைக்கதவுகளை இன்றும் நின்று பார்க்கிறேன். நம்ம வீட்டு நிலையாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு.

அந்த வீட்டில் மிஞ்சியது அப்பச்சி (எங்கள் அப்பா) எடுத்த படங்கள்தான். 2004இல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து 2019 வரை எடுத்த எல்லாவற்றையும் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. வேறு நகல் எங்களிடம் இல்லை.

அன்றைக்கு லேப்டாப்பில் செருகியதும் டிஸ்க்கின் பெயர் வந்தது. ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து பாதியில் நின்றுவிட்டது. சில படங்கள் திறந்தன, சிலவற்றுக்கு இரண்டு நிமிடம் ஆனது. பிறகு எல்லாம் உறைந்தது. கழற்றி மறுபடி செருகினேன். இன்னும் மோசம். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

இதை எழுதுவதே அந்த இடத்துக்காகத்தான். உங்கள் டிஸ்க் திடீரென்று மெதுவாகிவிட்டால், அதில் பழுது பார்க்காதீர்கள். ஒரே ஒரு தடவை முழுசாக நகல் எடுங்கள். மற்ற வேலை எல்லாவற்றையும் அந்த நகலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கில் வேலை செய்யும் இரண்டு இலவச மென்பொருள்கள் எங்களைக் காப்பாற்றின: நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ, நகலிலிருந்து படங்களைப் பொறுக்க ஃபோட்டோரெக்.

ஆனால் நான் முதலில் போனது ஒரு கடைக்கு. பெயர் வேண்டாம். டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு “நாளைக்கு வாங்க ஆச்சி” என்றார்கள். மறுநாள் போனபோது, “ராத்திரி முழுக்க ரிப்பேர் ஸ்கேன் ஓட்டிப் பார்த்துட்டோம், பாதி ஃபோல்டர் போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க” என்று கையில் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டியது விண்டோஸோடு வரும் செக்டிஸ்க். அது நல்ல டிஸ்க்குக்கான கருவி. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் குழம்பினால், அதைச் சரிசெய்வது அதன் வேலை. டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கும்போது, படிக்க முடியாத இடத்தில் இருந்த கணக்கை இல்லை என்று முடிவுகட்டி அந்த டிஸ்க்கிலேயே எழுதிவிடுகிறது. அதற்குள் ராத்திரி முழுக்க டிஸ்க்கை ஓட விட்டதும் சேதம்தான். வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால் ‘ஃபவுண்ட்.000’ என்று நாங்கள் வைக்காத ஒரு ஃபோல்டர் இருந்தது. 2006, 2007, 2008 மூன்றும் இல்லை. கோட்டையூர் வீடு முழுக்க அந்த மூன்றில்தான் இருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சென்னையில் ஒரு மீட்பு லேபுக்குப் போன் செய்தேன். பார்த்துத்தான் சொல்ல முடியும், 18,000 ரூபாயிலிருந்து ஆரம்பம், ஹெட் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் கூடும் என்றார்கள். நியாயமாகத்தான் பேசினார்கள். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தபடி, கோயம்புத்தூரில் படிக்கும் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “அயித்தை, டக் டக்குன்னு சத்தம் வருதா?”

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை, வழக்கமான மெல்லிய சுழலும் ஓசைதான். “அப்பன்னா நாமளே பார்க்கலாம். சத்தம் வந்தா தொடவே கூடாது, அப்படியே லேபுக்குப் போயிரணும்.”

இந்தக் கேள்வியை நீங்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகின்றன. அவற்றின் மேல் படாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. ஒரு தூசியைவிட அந்த இடைவெளி சிறியது. திரும்பத் திரும்பத் தட்டுகிற சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹெட் பழுது என்று பொருள். அந்த நிலையில் ஓட விட்டால் தகட்டையே சுரண்டிவிடும், எந்த மென்பொருளும் உதவாது. வீட்டில் திறந்து பார்ப்பதும் தவறு, ஃப்ரீசரில் வைப்பது அதைவிடத் தவறு. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

எங்கள் டிஸ்க்கின் நோய் வேறு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பட்டியலில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சின்னச் சின்னப் பகுதிகள்) என்ற வரியில் 1,144 என்று இருந்தது. நல்ல டிஸ்க்கில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும்.

தம்பி மகன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு கூரியரில் அனுப்பினான். அதில் டிடிரெஸ்க்யூ, ஃபோட்டோரெக், தொலைந்த ஃபைல்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் எல்லாம் கூடவே வருகின்றன. லேப்டாப்பைப் பென் டிரைவிலிருந்து எழுப்பினால் விண்டோஸ் தலையிடாது. விண்டோஸ் இருந்தால் டிஸ்க்கைச் செருகிய நொடியிலேயே அதைத் துருவ ஆரம்பித்துவிடும், ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்றுகூடக் கேட்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ நாம் சொல்லும்வரை தொடுவதில்லை. நகலை வைக்க ஒரு 2 டிபி டிஸ்க் புதிதாக வாங்கினேன். மொத்தத்தில் எனக்கு ஆன செலவு அது ஒன்றுதான்.

டிடிரெஸ்க்யூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது, 2004இலிருந்து இருக்கிறது, எழுதியவர் அந்தோனியோ டியாஸ் டியாஸ். ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். பார்க்க அவ்வளவுதான், ஆனால் அது யோசிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சாதாரணமாக நாம் காப்பி செய்யும்போது, கணினி ஃபைல் ஃபைலாக வரிசையில் போகும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முட்டலிலும் டிஸ்க் இன்னும் நலியும். டிடிரெஸ்க்யூ ஃபைல்களைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை ஒரே நீளத் துணியாக எடுத்துக்கொள்கிறது. முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் வேகமாக அள்ளுகிறது. தடங்கல் வந்தால் நிற்காமல் தாண்டிக் குதிக்கிறது. நல்ல பகுதி முழுக்கப் பத்திரமான பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. முதலில் ஓரங்களைச் செதுக்கி, அப்புறம் உள்ளே ஒவ்வொரு செக்டராகச் சுரண்டி, கடைசியில் நாம் சொன்ன எண்ணிக்கைக்கு மறுபடி முயற்சி செய்கிறது. கோட்டையூர் வீட்டைக் காலி செய்தபோது ஆத்தா (எங்கள் அம்மா) இப்படித்தான் செய்தார்கள். கைக்கு எட்டிய பெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் முகப்புக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சாவி தொலைந்த பெட்டகத்துக்குக் கடைசியாகப் போனார்கள்.

இன்னொன்று, அதன் மேப் ஃபைல். எந்தப் பகுதி வந்தது, எது பாக்கி, எது கெட்டது என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிக்கொண்டே போகிறது. இதன் அருமை இரண்டாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்குத் தெரிந்தது. கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் 2 டிபி டிஸ்க் தனி அடாப்டரில் ஓடுவது, அணைந்துவிட்டது. காலையில் கை நடுங்கத்தான் மறுபடி அதே வரியைத் தட்டினேன். அது மேப் ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே படித்த இடத்தை மறுபடி தொடவே இல்லை. ஒன்று கவனியுங்கள். மேப் ஃபைலை நகல் இருக்கும் டிஸ்க்கிலேயே வைக்க வேண்டும். பென் டிரைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அது மெமரியில்தான் இருக்கும், கணினி அணைந்ததும் போய்விடும். தம்பி மகன் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

முதல் 11 மணி நேரத்தில் 96 சதவீதம் வந்துவிட்டது. மீதி 4 சதவீதத்துக்கு மூன்று நாள். டிஸ்க் தொட்டால் சுட்டது. மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். ராத்திரியில் எழுந்து எழுந்து திரையைப் பார்ப்பேன். கடைசிக் கட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2 எம்பி, 3 எம்பி என்று ஊர்ந்தது. நான்காம் நாள் சாயங்காலம் 99.97 சதவீதத்தில் முடிந்தது. வராதது 212 எம்பி. பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அதைச் செருகவில்லை.

குறை என்று சொன்னால், தமிழில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஆங்கிலத்திலும் எளிய விளக்கம் கண்ணில் படவில்லை. கையேடு விரிவானது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பவருக்காக எழுதியது இல்லை. எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்பதை ‘எஸ்டிபி’, ‘எஸ்டிசி’ என்று லினக்ஸ் வைக்கும் பெயர்களைக் கொண்டு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால்? அந்தப் பயத்துக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. முழு டிஸ்க்கின் மேல் எழுதச் சொன்னால் தனியாக வற்புறுத்தினால் ஒழிய டிடிரெஸ்க்யூ மறுத்துவிடும். நாங்கள் டிஸ்க்குக்கு டிஸ்க் எடுக்காமல், 2 டிபி டிஸ்க்கில் ஒரே பெரிய இமேஜ் ஃபைலாகத்தான் எடுத்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். நகல் வைக்கும் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நகல் வந்துவிட்டது. அதைப் படிக்க மட்டும் என்று திறந்தபோது, பெரும்பாலான ஃபோல்டர்கள் அப்பச்சி வைத்த பெயரோடு அப்படியே இருந்தன. ‘பிள்ளையார்பட்டி’, ‘ஐயா சதாபிஷேகம்’, ‘குன்றக்குடி மழை’ என்று அவர் தமிழில் தட்டிய பெயர்கள். அவற்றை அன்றே தனியாக எடுத்து வைத்தேன். மூன்று வருடப் படங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. செக்டிஸ்க் அழித்துவிட்டிருந்தது. டெஸ்ட்டிஸ்க்கிலும் அவை தெரியவில்லை. அங்கேதான் ஃபோட்டோரெக் வந்தது.

கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் கணக்குப் புத்தகத்தை நம்பாது. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான சில பைட்டுகளில் ஆரம்பிக்கும். இமேஜ் முழுக்கத் தடவிக்கொண்டு போய், அந்த ஆரம்பம் தென்படும் இடத்திலிருந்து படத்தை உருவி எடுக்கிறது. பெயர் போனாலும், ஃபோல்டர் போனாலும், படம் தகட்டில் இருந்தால் வரும். திரை இங்கேயும் கறுப்புதான், ஆனால் அம்புக்குறி விசைகளால் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். க்யூஃபோட்டோரெக் என்று ஜன்னலோடும் கிடைக்கிறது, புதியவர்களுக்கு அது வசதி. ஓட்டுவதற்கு முன்னால் ஃபைல் வகைகளில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் அதைச் செய்யாததால், என்னென்னவோ துண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து நிரம்பின.

இரண்டாம் தடவை ஏழு மணி நேரத்தில் 61,000 சொச்சம் ஃபைல்கள். அவற்றில் பாதிக்கு மேல் தபால்தலை அளவுச் சின்னப் படங்களும் ஏற்கெனவே பெயரோடு கிடைத்தவையும். அளவு பார்த்துச் சின்னதை ஒதுக்கி, ஒரே படம் இரண்டாக வந்ததை ஒதுக்கியதும் புதிதாக 5,300 படங்கள் நின்றன. கோட்டையூர் வீடு வந்துவிட்டது. முகப்பு, பட்டாலை, வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி இரட்டை வீடுகள் என்று நாங்கள் சொல்லும் அத்தனை அறைகள், இரண்டாங்கட்டில் வெயிலில் காயும் வற்றல், முட்டை வெள்ளைக்கருப் பூச்சில் கண்ணாடி மாதிரி மின்னும் சுவர். சத்தம் போட்டு ஆத்தாவைக் கூப்பிட்டேன்.

ஃபோட்டோரெக்கின் பெரிய குறை இங்கே தெரியும். எல்லாப் படத்துக்கும் ஒரு எழுத்தும் நீளமான எண்ணும்தான் பெயர். அப்பச்சி வைத்த பெயர் ஒன்றுகூடத் திரும்பாது. அது அதன் தவறு இல்லை, பெயர்கள் கணக்குப் புத்தகத்தோடு போய்விட்டன. ஆனால் எடுப்பதற்கு முன்னால் இதற்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்த தேதி இருக்கும், அதை வைத்து எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் மூலம் மாதவாரியாகப் பிரித்தோம். அப்படியும் 640 படங்களில் 2005 ஜனவரி 1 என்றே இருந்தது. பேட்டரி கழற்றிப் போட்டபோதெல்லாம் கேமராவின் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருக்கிறது.

துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த படங்களும் சரியாக வராது. ஆரம்பத்திலிருந்து தொடர்ச்சியாக இருப்பதைத்தான் ஃபோட்டோரெக் நன்றாக எடுக்கும். அதோடு அந்த 212 எம்பி. எங்களுக்குச் சுமார் 90 படங்கள் பாதியில் சாம்பலாகவோ, ஊதா பூத்தோ வந்தன. நிலைக்கதவை நேராக வைத்து எடுத்த படம் அதில் ஒன்று. மேலே கஜலட்சுமி, இரண்டு யானைகள், நிலையின் மேல்கட்டைச் செதுக்கல் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கதவு தொடங்கும் இடத்திலிருந்து கீழே வெறும் சாம்பல். அதை நான் அழிக்கவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்றும் வந்தது. அப்பச்சி வேண்டாம் என்று எப்போதோ அழித்த படங்களையும் ஃபோட்டோரெக் எடுத்துக் கொடுத்திருந்தது. அழித்தால் கணக்கிலிருந்துதான் போகும், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை படம் தகட்டிலேயே கிடக்கும். அதில் ஒன்று, மேல்வீட்டு பெல்ஜியம் கண்ணாடியை எடுத்த படம். ஃபிளாஷ் வெளிச்சம் அடித்து நடுவில் வெள்ளையாக இருக்கிறது, அதனால்தான் அழித்திருப்பார். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் கேமராவைப் பிடித்தபடி அப்பச்சி நிற்கிறார், வேட்டியும் கை வைத்த பனியனும். எல்லாரையும் எடுத்த மனிதர், அந்த வீட்டில் அவரே இருக்கிற படம் எங்களிடம் இது ஒன்றுதான்.

யாருக்கு இது ஒத்துவரும்? டிஸ்க் சுழல்கிறது, சத்தம் இல்லை, கணினிக்கு அதன் அளவு சரியாகத் தெரிகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது அல்லது பாதியில் தொங்குகிறது என்றால் டிடிரெஸ்க்யூவிலிருந்து ஆரம்பியுங்கள். தெரிந்த பிள்ளை யாரையாவது போனில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் செய்தால் என்னைப் போல அக்கவுண்ட்ஸ் மட்டும் தெரிந்தவருக்கும் முடியும். படத்தைத் தவறுதலாக அழித்துவிட்டீர்கள், டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் ஃபோட்டோரெக் மட்டும் போதும், மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். தட்டுகிற சத்தம் வந்தாலோ, டிஸ்க் கீழே விழுந்திருந்தாலோ, தண்ணீர் பட்டிருந்தாலோ பணத்தைப் பார்க்காமல் நல்ல லேபுக்குப் போங்கள். கடையில் கொடுப்பதானால், “முதலில் இமேஜ் எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். அப்படி என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. என்னிடம் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று, சிங்கப்பூரில் தங்கை வீட்டில் ஒன்று.

தேதி இல்லாத 640 படங்களை மட்டும் ஆத்தா பார்த்துச் சொல்கிறார்கள். 74 வயது. காலையில் காபி குடித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆள் தெரியாவிட்டால் பின்னால் இருக்கும் தூணைப் பார்ப்பார்கள். “இது கிழக்கு வளவு. இந்தத் தூணில் பந்தல் கயிறு கட்டித் தேய்ந்த தடம் இருக்கு பாரு. அப்ப இது உன் சித்தப்பா அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு வந்தப்போ எடுத்தது.” நான் தட்டிக்கொள்வேன். ஒரு நாளைக்கு இருபது படத்துக்கு மேல் ஓடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வந்துவிடும். நேற்றுவரை 412 முடிந்திருக்கிறது.